நல்ல குரல், கெட்ட குரல்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரிக் கலை விழாவுக்காகப் பாட்டுப் போட்டித் தேர்வு நடந்தது. தேர்வு செய்த நான்கு பேரில் நானும் ஒருத்தி. பிற்பகல் வெயில், மின்விசிறிச் சத்தம், ஒருவர் பின் ஒருவராக வந்து பாடிவிட்டுப் போகும் பிள்ளைகள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, ‘கறுப்புப் பணம்’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கிளப் பாட்டைத் தொடங்கினாள். 1964இல் வந்த படம். அவளுடைய அம்மாவே பிறந்திராத காலம்.

அதுவரை செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பக்கவாத்தியம் கிடையாது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே பாடினாள். சொல் முடிகிற இடத்தில் ஒரு மூச்சு, மூச்சு முடிகிற இடத்தில் ஒரு சிறு சிரிப்பு, அங்கிருந்து அடுத்த அடிக்குத் தாவல். ஒரு இடத்திலும் சுதி விலகவில்லை. பாடி முடித்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

குழுவில் மூத்தவர் என் பக்கம் குனிந்து, “நல்லாத்தான் பாடுது. ஆனா நம்ம மேடைக்கு இந்தப் பாட்டு வேணாமே. நீங்க சொல்லுங்க, தமிழ்த்துறைப் பிள்ளைதானே” என்றார். நான் சொன்னேன். “சுசீலா பாட்டு ஏதாவது தெரியுமாம்மா?”

“ஏன் மேம், தப்பாப் பாடிட்டேனா?”

“இல்லம்மா. ரொம்ப நல்லாப் பாடின.”

“அப்பப் பாட்டு தப்பா மேம்?”

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பெண்ணெழுத்து பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கிய, உடல் குறித்த கவிதைகளை மேடையில் வாசித்துக் கைத்தட்டல் வாங்கிய ஒருத்தி ஒரு கிளப் பாட்டுக்கு முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையின் கேள்விக்குத் தாமதமான பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்.ஆர். ஈஸ்வரி 1939இல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது பெயர். அம்மா படங்களில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு ஸ்டுடியோவுக்குப் போன பெண் தானும் கோரஸில் சேர்ந்து நின்றாள். கோரஸ் பாடகிக்குத் திரையில் பெயர் வராது. பத்துப் பேர் குரலில் தன் குரல் தனியாகக் கேட்டுவிடாமல் பாடுவதுதான் அங்கே வேலை. பிற்காலத்தில் எந்தக் கூட்டத்திலும் தனியாகக் கேட்ட ஒரு குரல் அப்படித்தான் தொடங்கியது. 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டுக் கொடுத்தார். ஏற்கெனவே எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற பாடகி இருந்ததால் இவர் எல்.ஆர். ஈஸ்வரி ஆனார். 1961இல் ‘பாசமலர்’ வந்தது. மணப்பெண்ணைத் தோழிகள் அழைத்துவரும் அந்தப் பாட்டு இல்லாமல் மதுரை மாவட்டத்தில் ஒரு கல்யாணம் நடந்திருக்குமா என்பது சந்தேகம். பெண் மேடைக்கு வரும் நேரத்தில் மைக் செட்காரர் கை தானாக அந்த இசைத்தட்டுக்குப் போகும். இப்போது பென் டிரைவுக்குப் போகிறது.

அறுபதுகளில் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அமைத்த வாத்தியக் குழுவை இன்றைய மாணவிகளுக்கு விளக்குவது கஷ்டம். ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். பாட்டுப் பதிவாகும் அரங்கத்தையே அதில் காட்டியிருப்பார்கள். விஸ்வநாதன் கையசைக்க, டி.எம். சௌந்தரராஜன் மைக் முன்னால் பாட, வரிசை வரிசையாக வாத்தியக்காரர்கள். அந்தப் பாட்டில் கூடவே ஒலிக்கும் பெண்குரல் ஈஸ்வரியுடையது. சென்னை ஸ்டுடியோக்களில் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் வாசித்தவர்களில் கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் உண்டு. பகலில் சினிமா, இரவில் ஓட்டல் நடன அரங்கம் என்று வாழ்ந்தவர்கள். அமெரிக்காவில் முப்பதுகளில் பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்கள் வாசித்த அந்தத் துள்ளல், கப்பலிலும் இசைத்தட்டிலும் ஏறி வந்து, கோடம்பாக்கத்தில் மிருதங்கம் தபலாவோடு உட்கார்ந்துகொண்டது. அதன் முன்னால் நின்று பாட ஒரு குரல் தேவைப்பட்டது. பித்தளைக் குழல்களின் சத்தத்துக்கு அஞ்சாத, தாளத்தோடு விளையாடத் தெரிந்த குரல். பதிவில் தவறு நடந்தால் வெட்டி ஒட்ட முடியாத காலம் அது. ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த நெருக்கடிக்குள் நின்றுகொண்டுதான், குடித்துக் கிறங்கியவள் போலவும் கவலையற்றவள் போலவும் அவர் பாடினார். கிறக்கம் பாட்டில் இருந்தது. பாடியவர் முழுத் தெளிவோடு இல்லாவிட்டால் அப்படிப் பாட முடியாது.

அமெரிக்க ஜாஸ் குழுக்களில் பாட்டுக்காரி மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் அழகாக உட்கார்ந்திருப்பாள். தன் முறை வந்ததும் எழுந்து பாடிவிட்டுத் திரும்ப உட்காருவாள். பில்லி ஹாலிடே 1938இல் ஆர்ட்டி ஷாவின் குழுவில் பாடினார். வெள்ளையர் குழுவில் ஒரு கறுப்பினப் பெண். நியூயார்க்கில் லிங்கன் பெயரைத் தாங்கிய ஓட்டலில் அவரைச் சரக்கு லிஃப்டில் ஏறி வரச் சொன்னார்கள். (பெயர் லிங்கன்! நம் ஊரில் சமத்துவபுரத்துக்குள் சாதிச் சண்டை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.) மேடையில் குரல் வேண்டும், முன்வாசலில் ஆள் வேண்டாம். நம் ஊரில் லிஃப்ட் வேறு மாதிரி இருந்தது. 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில், சபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் என்ற இரவு விடுதியில் உஷா பாட வந்தார். பிற்காலத்தில் உஷா உதூப் என்று உலகமறிந்தவர். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப்பெண். ஆங்கிலப் பாட்டைப் புடவை கட்டிக்கொண்டு பாடினார். அது அவர் விருப்பமாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் புடவை அவரைக் காப்பாற்றியது. ஈஸ்வரிக்கு அந்தக் காப்பும் கிடையாது. பின்னணிப் பாடகிக்கு உடல் இல்லை. திரையில் ஆடும் பெண்ணின் உடலே அவருடைய உடலாக ஊரால் நினைக்கப்பட்டது.

இங்கேதான் என் கேள்வி வருகிறது. குரலுக்கு ஒழுக்கம் உண்டா?

உண்டு என்றுதான் தமிழ் சினிமா நடந்துகொண்டது. கதாநாயகிக்கு சுசீலா, மற்றவளுக்கு ஈஸ்வரி என்பது எழுதாத சட்டம். சுசீலாவின் அருமையைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. என் தூக்கமில்லாத இரவுகள் பலவற்றுக்குத் துணை அந்தக் குரல்தான். அவரும் இந்தச் சட்டத்தை எழுதவில்லை. ஆனால் ‘சிவந்த மண்’ (1969) படத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காஞ்சனாதான் கதாநாயகி. காதலிக்கும்போது அவருக்குக் குரல் சுசீலா. அதே காஞ்சனா வில்லன் முன்னிலையில் மாறுவேடத்தில் ஆடுகிறார். உடனே குரல் ஈஸ்வரியுடையதாகிவிடுகிறது. ஒரே உடல், ஒரே தொண்டை, வேடம் மாறியதும் குரல் மாறுகிறது. நல்ல பெண் கெட்ட இடத்துக்குப் போகும்போது தன் நல்ல குரலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் போலிருக்கிறது.

அந்தப் பாட்டில் சிவாஜி சாட்டையைச் சொடுக்குகிறார். அடிபடும் பெண்ணின் அலறலும் விசும்பலும் தாளத்துக்குள் வந்து விழுகின்றன. பல வருடங்களாக அதை ரசித்துக் கேட்டவள் நான். இப்போது கேட்கும்போது அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. வலியைத் தாளமாக்கி நம்மைத் தலையாட்ட வைத்திருக்கிறார்கள். ஆகவே, ஈஸ்வரியின் குரல் பெண் விடுதலையின் குரல் என்று எளிதாக முழங்கிவிட எனக்குத் தயக்கம் உண்டு. எழுதியவர்கள், மெட்டமைத்தவர்கள், காட்சியை வைத்தவர்கள், அரங்கில் விசிலடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அந்தச் சிரிப்பு யாருடைய ஆசைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான். கிளப்பில் ஆடியவள் கதை முடிவதற்குள் செத்துப்போவாள், அல்லது திருந்துவாள்.

ஆனால் இந்தக் கணக்கை நாம் யார் பெயரில் எழுதினோம்? காட்சியை வைத்தவர் பெயரிலும் மெட்டமைத்தவர் பெயரிலும் எழுதவில்லை. அவர்கள் மேதைகள். பாடியவள் பெயரில் எழுதினோம். “ஈஸ்வரி பாட்டு” என்று சொல்லும்போதே வீட்டில் ஒரு முகச்சுளிப்பு வரும். சின்ன வயதில் எங்கள் வீட்டு வானொலியில் ‘பணமா பாசமா’ (1968) படத்தின் இலந்தைப் பழப் பாட்டு வந்தால் அம்மா சத்தத்தைக் குறைப்பாள். அப்பா வீட்டில் இருந்தால் அணைத்தே விடுவாள். ஒரு பழக்காரி கூவி விற்கிற பாட்டு அது. கீழமாசி வீதியில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணும் அதைவிடச் சத்தமாகத்தான் கூவுகிறாள்.

டி.எம். சௌந்தரராஜன் மதுரைக்காரர். எங்கள் ஊர்ப் பெருமை. அவர் குடிகாரனுக்குப் பாடினார், பெண்பித்தனுக்குப் பாடினார், சித்தருக்குப் பாடினார், முருகனுக்கு உருகினார். எம்.ஜி.ஆருக்கும் அவர்தான், சிவாஜிக்கும் அவர்தான். தள்ளாடும் குரலில் குடிகாரன் பாட்டைப் பாடிவிட்டு வந்தபோது அவர் வாயை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. எவ்வளவு இயல்பாகப் பாடியிருக்கிறார் என்றார்கள். ஆண் பாடினால் அது தொழில், திறமை, நடிப்பு. பெண் பாடினால் அவளுடைய அந்தரங்கம் வெளியே வந்துவிட்டதாக ஒரு சந்தேகம்.

இந்தச் சந்தேகம் சினிமாவோடு பிறந்ததில்லை. வகுப்பில் வருடா வருடம் கானல்வரி நடத்துகிறேன். கடற்கரையில் மாதவி யாழைத் திருத்திக் கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் வேறொருத்தியை நினைத்தவன் போலப் பாடுகிறான். மாதவி மனம் நோகிறாள், ஆனால் எழுந்து போய்விடவில்லை. யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைத்தவள் போலப் பாடுகிறாள். இருவரும் செய்தது ஒன்றேதான். அவன் எழுந்து போய்விடுகிறான். பாட்டை வாக்குமூலமாகக் கேட்ட காது அது. அங்கிருந்து கிளம்பியவன் மதுரைக்கு வந்து, வெட்டுப்பட்டு, ஊரே எரிந்தது. ஊழ்வினை என்கிறார் இளங்கோ. ஒரு பாட்டைப் பாட்டாகக் கேட்கத் தெரியாதவனின் வினையும் அதில் சேர்த்தி என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு அந்தத் தேர்வுக் குழுவில் போய் உட்கார்ந்தேன்.

சங்கப் பாட்டு இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளமாக இருந்தது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டு ஆலங்குடி வங்கனார் எழுதியது. பேசுபவள் பரத்தை. மருத நிலத்து ஊரனைக் கேலி செய்து, அவன் மனைவியையும் சீண்டி வெளிப்படையாகப் பேசுகிறாள். தலைவிக்கும் தோழிக்கும் உள்ள அதே தொகையில் அவளுக்கும் இடம் கிடைத்தது. எழுதியவரைப் பரத்தைப் புலவர் என்று யாரும் ஒதுக்கவில்லை. எழுதியவர் ஆண் என்பதும் காரணமாக இருக்கலாம். ஈஸ்வரியின் பாட்டுகளை அந்தக் கண்ணோடு வரிசைப்படுத்தினால் ஒன்று தெரிகிறது. தோழியாகப் பாடியிருக்கிறார், பரத்தையாகப் பாடியிருக்கிறார். தலைவியாகப் பாடக் கிடைத்த இடங்கள் குறைவு. ‘வெள்ளி விழா’ (1972) படத்தில் வி. குமார் இசையில் அவர் பாடிய பாட்டைக் கேட்டுப் பாருங்கள். காதோரம் ரகசியம் பேசும் அளவுக்குக் குரலைத் தாழ்த்திப் பாடியிருப்பார். இவருக்கு இதுவும் முடியுமா என்று அப்போது ஆச்சரியப்பட்டதாக அம்மா சொல்வாள். முடியும் என்பது எப்போதும் இருந்ததுதான். யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்த விசித்திரம் நடந்தது. சினிமாவில் கிளப் பாட்டுகளின் காலம் தேய்ந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் இசையும் மாறியது, குரல்களும் மாறின. ஈஸ்வரி மாரியம்மனுக்குப் பாடினார். ஆடி பிறந்தால் மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் பேருந்தில் போனாலும் சரி, மேலூரோ, சோழவந்தானோ, வாடிப்பட்டியோ, வேப்பமரத்தில் கட்டிய கூம்புக் குழாயிலிருந்து அந்தக் குரல்தான் வரும். முளைப்பாரி தூக்கிப் போகும் பெண்கள் அதற்குத்தான் கும்மி கொட்டுகிறார்கள். கூழ்ப் பானை பக்கத்தில் நிற்கும் கிழவிக்கு அதைக் கேட்டுத்தான் சாமி வருகிறது. கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணின் குரலில் மாரியாத்தா இறங்குகிறாள். எங்கள் ஊர் சாமிக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

கவனித்துக் கேட்டால் நுட்பம் ஒன்றேதான். அடித்தொண்டையிலிருந்து எழும்பும் அதே உந்துதல், தாளத்துக்கு ஒரு இமைப்பு முன்னால் வந்து விழும் அதே சொல், உடலை அசையாமல் இருக்கவிடாத அதே வேகம். சாக்ஸபோன் இருந்த இடத்தில் பம்பை. அம்மாவிடம் கேட்டேன். “ரெண்டும் ஒரே ஆளு பாடுனதுதானேம்மா. அதை அணைச்சே, இதை மட்டும் சத்தமா வைக்கிறியே?”

“அது வேறடி. இது சாமி பாட்டு.”

என்ன வேறு என்று அவளால் சொல்ல முடியவில்லை. நான் யோசித்துப் பார்த்த வரையில் இப்படித் தோன்றுகிறது. பெண்ணின் உடலை அசைக்கும் குரலை நம் சமூகம் மூன்று இடங்களில் அனுமதித்திருக்கிறது. மதுவிடுதி, கோயில் வாசல், கல்யாண மண்டபம். மூன்றும் வீட்டுக்கு வெளியே. பாசமலரின் தோழியும் மணமகளை மேடைவரை கொண்டுவந்து விடுகிறாள். அதற்கு மேல் வீட்டுக்குள் அவளுக்கு வேலை இல்லை. வீட்டுக்குள் தாலாட்டும் மெல்லிய சோகமும் போதும். அந்தக் கிழவிகூடச் சாமி மலையேறிய பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துதான் வீட்டுக்குப் போவாள்.

மேல ஆவணி மூல வீதி வழியாகப் போகும்போதெல்லாம் எம்.எஸ். நினைவு வரும். பக்கத்தில் அனுமந்தராயன் தெருவில்தான் 1916இல் பிறந்தார். முதலெழுத்துகள் மதுரை, சண்முகவடிவு. ஊரும் வீணை வாசித்த தாயும். இசை வேளாளர் குலத்துப் பெண்ணின் குரலை நாடு முழுவதும் கும்பிட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பு அந்தக் குரல் ஒரு மனைவியின் குரலாக மாறியாக வேண்டியிருந்தது. மதுரையைவிட்டுச் சென்னைக்கு ஓடி, 1940இல் சதாசிவத்தை மணந்து, ‘மீரா’வோடு நடிப்பை விட்டு, புடவையும் பொட்டும் குங்குமமுமாக ஒரு முழு உருவம் உருவான பிறகே வணக்கம் முழுமையடைந்தது. ஒரு குரல் வீட்டுக்குள் அழைக்கப்பட்டு வழிபடப்பட்டது. இன்னொரு குரல் வெளியே நிறுத்தப்பட்டு ரசிக்கப்பட்டது. இரண்டிலும் முடிவு செய்தது பாடியவர்கள் மட்டுமில்லை.

அந்த மாணவி கடைசியில் சுசீலா பாட்டுத்தான் பாடினாள். சரியாகப் பாடினாள். பரிசு கிடைக்கவில்லை. போன வருடம் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது துறையில் பார்த்தேன். அந்தப் பழைய பாட்டெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் அப்பா மைக் செட் வைத்திருக்கிறாராம். சின்ன வயதில் திருவிழாவுக்கு அவரோடு போய், பெட்டி பக்கத்திலேயே தூங்கிவிடுவாளாம். “காதுகுத்து, கல்யாணம், பொங்கல் எல்லாத்துக்கும் ஈஸ்வரிதான் மேம். எனக்கு அதெல்லாம் வேற வேறயாத் தெரியாது.”

“அன்னைக்கு உன்னைப் பாட்டை மாத்தச் சொன்னது தப்பும்மா” என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே ஒத்துழைக்கவில்லை.

“பரவால்ல மேம்” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

2011இல் ‘ஒஸ்தி’ படத்தில் ஈஸ்வரி மறுபடி பாடினார். எழுபதைக் கடந்துவிட்ட பெண் ஒரு குத்துப் பாட்டுக்குக் குரல் கொடுத்தார். ஊரெல்லாம் அதற்கு ஆடியது. அந்த வயதிலும் அதே சிரிப்பு. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று ஒரு தோழி கேட்டாள். மூச்சு இருக்கிறது, தாளம் இருக்கிறது, கூப்பிடுகிறார்கள். பாடுகிறவளுக்கு இதைவிட வேறென்ன தேவை என்று சொன்னேன். தச்சருக்கு எழுபது வயதானால் உளியைக் கீழே வைக்கச் சொல்வோமா?

போன வாரம் வீட்டில் யாரும் இல்லாத பிற்பகல் என்று நினைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்று அந்தக் கிளப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். மெட்டு வந்துவிட்டது. சொல்லும் வந்துவிட்டது. சொல் முடியும் இடத்தில் வரும் அந்தச் சிரிப்பு மட்டும் வரவில்லை. மூன்று முறை முயன்றேன். தொண்டைக்குக் கீழே எதுவோ பிடித்து நிறுத்துகிறது. நாலாவது முறை சிரிக்கும்போது உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“என்னடி, இருமலா? மிளகு தட்டிப் போட்டுக் குடி.”